அட்மின் பாஸ்வேட் இல்லாமல் ஹாட் டிஸ்க்கைக் குளோன் எடுப்பது: கடை மேசையில் கேட்கப்படும் கேள்விகள்

ஏ9 வீதியோரம், கிளிநொச்சிக்கும் பரந்தனுக்கும் இடையில் சின்னதாய் ஒரு கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். மாங்குளம், மல்லாவி, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு என்று வன்னிக்குள் எங்கேயிருந்தும் ஆட்கள் மடியில் லப்டொப்பை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்தது. அதற்குப் பிறகு பழைய சுழலும் டிஸ்க்கைக் கழற்றி, சுழலும் பாகமே இல்லாத வேகமான எஸ்எஸ்டி போட நினைப்பவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் கொண்டுவரும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணை, அட்மின் பாஸ்வேட் தெரியாது. இதில இருக்கிறதை அப்பிடியே புது டிஸ்க்குக்கு மாத்தித் தருவியளோ?" ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துப் போனதை இங்கே எழுதி வைக்கிறேன்.

குளோன் எடுப்பதும் கொப்பி பண்ணுவதும் ஒன்றுதானே?

இல்லை. கொப்பி பண்ணினால் உங்கள் படங்களும் கடிதங்களும் மட்டும் வரும். குளோன் எடுத்தால் விண்டோஸ், அது எழும்புவதற்கான பூட் பகுதி, போட்டு வைத்த மென்பொருட்கள், ஒளிந்து கிடக்கும் பார்ட்டிஷன்கள் (டிஸ்க்கின் பிரிவுகள்) எல்லாம் அதே ஒழுங்கில் புது டிஸ்க்கில் வந்து உட்காரும். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் கொம்பியூட்டருக்கே வித்தியாசம் தெரியக்கூடாது.

சாதாரண கணக்கில் இருந்துகொண்டே, விண்டோஸுக்குள் குளோன் எடுக்கலாமா?

முடியாது. குளோன் மென்பொருள் கோப்பு கோப்பாக வாசிப்பதில்லை, டிஸ்க்கையே அதன் முதல் செக்டரில், அதாவது முதல் சிறு துண்டில், இருந்து நேரடியாக வாசிக்கிறது. அந்த நேரடி வாசிப்பை விண்டோஸ் அட்மினுக்கு, அதாவது மெஷினில் முழு அதிகாரமுள்ள கணக்குக்கு, மட்டும்தான் விடும். காரணமும் நியாயமானது. டிஸ்க்கை நேரே வாசிக்க விட்டால், அடுத்தவரின் கணக்கில் இருக்கும் கோப்புகளுக்குப் போட்ட தடை எல்லாம் வீண். ஆகவே எந்தக் குளோன் மென்பொருளை இறக்கினாலும் திறக்கும்போது அட்மின் பாஸ்வேட் கேட்கும். "அட்மின் கேட்காத குளோன் சொப்ட்வேர்" என்று தேடித் தேடி வைரஸை இறக்கிக்கொண்டு வந்த லப்டொப்கள் என் மேசையில் ஏறியிருக்கின்றன.

அப்படியென்றால் வழியே இல்லையா?

இருக்கிறது. அட்மின் பாஸ்வேட் காப்பது விண்டோஸை, டிஸ்க்கை அல்ல. விண்டோஸ் எழும்பாமல் வேறொரு சிஸ்டம் எழும்பினால், அந்த வேறு சிஸ்டத்துக்கு உங்கள் விண்டோஸ் கணக்குகளைப் பற்றி எதுவும் தெரியாது. அதற்கு அந்த டிஸ்க் வெறும் பூச்சியங்களும் ஒன்றுகளும். இதை விளங்கிக்கொண்டால் மிச்சக் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

இதே உண்மை மறுபக்கமும் வெட்டும். உங்கள் லப்டொப்பைக் களவெடுத்தவனுக்கும் உங்கள் பாஸ்வேட் தேவையில்லை. டிஸ்க் என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தால்தான், அதாவது சாவி இல்லாமல் வாசிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருந்தால்தான், அவன் கையைப் பிசைவான்.

யாருடைய கொம்பியூட்டர் என்று ஏன் கேட்கிறீர்கள்?

கேட்கத்தான் வேண்டும். உங்களுடையது என்றால் பிரச்சினை இல்லை. பாடசாலையுடையது என்றால் அதிபரிடமும், கூட்டுறவுச் சங்கத்துடையது என்றால் பொது முகாமையாளரிடமும், அலுவலகத்துடையது என்றால் அங்கே ஐரி பார்ப்பவரிடமும் ஒரு துண்டுக் கடிதம் வாங்கி வாருங்கள். பெரும்பாலும் அந்தக் கடிதம் வாங்கப் போகும்போதே பாஸ்வேட்டும் கிடைத்துவிடும், குளோன் கதை அத்தோடு முடிந்துவிடும். அனுமதி இல்லாமல் இன்னொருவரின் கொம்பியூட்டருக்குள் போவது 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி குற்றம். உள்ளே மற்றவர்களின் விபரங்கள் இருந்தால் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. வேலையை விட்டுப் போகிற அன்று மாலை "ஒருக்கா முழுசா குளோன் அடிச்சுத் தாங்கோ" என்று வந்த தம்பி ஒருவரைத் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு உண்மையில் குளோன்தான் வேண்டுமா?

நல்ல கேள்வி, ஆனால் இதை ஒருவரும் கேட்பதில்லை, நான்தான் கேட்க வைக்கிறேன். 2009-இல் இந்த மண்ணில் யாரும் வீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. ஒரு பொலித்தீன் பை: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, இரண்டு மூன்று படங்கள். உங்கள் லப்டொப்பில் அந்தப் பை எது? பெரும்பாலும் டெஸ்க்டொப், டொக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ். இவை உங்கள் கணக்குக்குள் இருப்பவை. இவற்றை வெளியே எடுக்க அட்மின் தேவையே இல்லை.

இழுத்துப் போட்டுக் கொப்பி பண்ணலாம்தான். ஆனால் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் நடுவில் ஒரு பிழை வந்து முழுதும் நின்றுவிடும். விண்டோஸுக்குள்ளேயே ரோபோகொப்பி என்று ஒரு கட்டளை இருக்கிறது, அது சாதாரண கணக்கிலும் ஓடும். நின்ற இடத்தில் இருந்து மறுபடி தொடங்கும். வாசிக்க முடியாத ஒரு கோப்புக்காக மற்றதை நிறுத்தாது. ஆனால் மறுமுயற்சி எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்து விடுங்கள். இயல்பாக அது ஒரு கோப்பைப் பத்து இலட்சம் தடவை, ஒவ்வொரு தடவைக்கும் 30 செக்கன் காத்திருந்து முயலும். அப்புறம் 'எக்ஸ்ஜே' (/XJ) என்ற தெரிவையும் சேருங்கள். சேர்க்காவிட்டால் பழைய விண்டோஸுக்காக வைத்திருக்கும் குறுக்குவழி ஃபோல்டர்களுக்குள் புகுந்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கொப்பி பண்ணும்போது இரண்டு விஷயத்தில் எல்லோரும் இடறுகிறார்கள். முதலாவது பாமினி எழுத்துரு. இங்கே அலுவலகக் கடிதங்களும் கோவில் நோட்டீசும் பாதிக்கு மேல் இன்னும் பாமினியில்தான் கிடக்கின்றன. புது மெஷினில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால், கடிதத்தைத் திறந்ததும் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய் ஒரு கூத்து. கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து அழுதுகொண்டு வந்த முன்பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, எழுத்துருவைப் போட்டு ஒரு நிமிடத்தில் காட்டினேன். பழைய மெஷினில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸில் இருந்து பாமினியையும் கையோடு எடுத்து வாருங்கள். பிந்திய விண்டோஸ் 10-இலும் 11-இலும் உங்கள் கணக்குக்கு மட்டும் எழுத்துருவைப் போட அட்மின் வேண்டாம்.

இரண்டாவது, குரோமில் சேமித்த பாஸ்வேட்கள். குரோமின் ஃபோல்டரை அப்படியே தூக்கிப் போனாலும் அவை வேறு மெஷினில் திறக்காது, அந்த விண்டோஸ் கணக்கோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை. பழைய மெஷின் ஓடும்போதே கூகுள் கணக்கில் ஒத்திசைத்து விடுங்கள், அல்லது குரோமுக்குள் இருந்தே ஏற்றுமதி செய்து எடுங்கள்.

சரி, எனக்குக் குளோன்தான் வேண்டும். எப்படி?

கடையில் நான் பாவிப்பது குளோன்ஸில்லா, மேலே சொன்ன அந்த வேறு சிஸ்டம் இதுதான். இலவசம். ஒரு பென்ட்ரைவில் அடங்கும். பென்ட்ரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் போன்ற மென்பொருட்களும் அட்மின் கேட்கும் என்பது வேடிக்கை. அதனால் நண்பரின் மெஷினில் செய்யுங்கள். அல்லது ஃபாட்32 முறையில் ஃபோமட் செய்த பென்ட்ரைவில், குளோன்ஸில்லாவின் ஸிப் கோப்பை விரித்து உள்ளிருப்பதை அப்படியே போடுங்கள். யுஇஎஃப்ஐ (பழைய பயோஸுக்குப் பதிலாக மெஷினை எழுப்பும் புது முறை) உள்ள மெஷின்களுக்கு அதுவே போதும்.

முதலில் விண்டோஸை முழுதாக நிறுத்த வேண்டும். ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ஷட்டவுன் கொடுங்கள். சும்மா ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸ் அரைத்தூக்கத்தில் கிடக்கும். அடுத்த தடவை கெதியாய் எழும்ப அப்படி ஒரு ஏற்பாடு. அந்த நிலையில் டிஸ்க்கைக் குளோன்ஸில்லா தொட மறுக்கலாம்.

பிறகு புது டிஸ்க்கை யுஎஸ்பி வயரில் மாட்டி, பென்ட்ரைவையும் செருகி, பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே பவரைப் போடுங்கள். டெல், லெனோவோ, ஏசர் என்றால் பெரும்பாலும் எஃப்12. எச்பிக்கு எஃப்9. ஆசூஸ் லப்டொப்புக்கு எஸ்கேப். எழும்பியதும் 'டிவைஸ்-டிவைஸ்', 'பிகினர்', 'டிஸ்க் டு லோக்கல் டிஸ்க்' என்று வரிசையாகப் போகலாம்.

அடுத்த இரண்டு திரைகளில்தான் உயிர் இருக்கிறது. முதல் திரை சோர்ஸ், எதில் இருந்து. இரண்டாவது டார்கெட், எதற்கு. கடை தொடங்கின காலத்தில் ஒரு ஸ்டூடியோக்காரரின் 500 ஜிபி டிஸ்க்கையும், அதே கம்பெனியின் அதே 500 ஜிபி புது டிஸ்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, இரண்டு திரையிலும் மாறிக் குத்திவிட்டேன். வெற்று டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின் மேல் அழகாகக் குளோன் ஆகியது. நல்ல காலம், கலியாண வீட்டுப் படங்கள் அவரிடம் டிவிடியில் இருந்தன. அன்றிலிருந்து கழற்றிய டிஸ்க்கின் ஸ்டிக்கரில் உள்ள தொடர் இலக்கத்தின் கடைசி நாலு எழுத்தைத் தாளில் பெரிதாக எழுதி மேசையில் ஒட்டிவிட்டுத்தான் தொடங்குவேன். குளோன்ஸில்லா டிஸ்க்கின் மாதிரி இலக்கத்தையும் தொடர் இலக்கத்தையும் திரையில் காட்டும். ஒப்பிடுங்கள். அது "உறுதியா?" என்று இரண்டு தடவை கேட்கும். இரண்டு தடவையும் தாளைப் பாருங்கள்.

முடிந்ததும் மெஷினை நிறுத்தி, பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் மாட்டி எழுப்புங்கள். இரண்டையும் ஒன்றாக வைத்து எழுப்பினால் இரண்டுக்கும் ஒரே அடையாள இலக்கம் இருப்பதால் விண்டோஸ் குழம்பி ஒன்றை ஒதுக்கி வைக்கும்.

எவ்வளவு நேரம் பிடிக்கும்?

குளோன்ஸில்லா வெற்றிடத்தை வாசிக்காது, பாவித்த இடத்தை மட்டும்தான் எடுக்கும். 120 ஜிபி நிறைந்திருந்தால் யுஎஸ்பி 3-இல் இருபது முப்பது நிமிடம், பழைய யுஎஸ்பி 2 துளையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். நீல நாக்குள்ள துளையில் செருகுங்கள்.

பென்ட்ரைவில் பூட் ஆக விடுதில்லையே, பயோஸே பாஸ்வேட் கேட்கிறதே?

அது விண்டோஸுக்கு முன்பே மெஷினை எழுப்பும் மென்பொருளில் சொந்தக்காரர் வேண்டுமென்றே போட்ட பூட்டு. அவரிடம்தான் போக வேண்டும்.

நீலத் திரையில் 48 இலக்கம் கேட்கிறது. என்ன அது?

பிட்லொக்கர், விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடும் பூட்டு. இங்கேதான் மேலே சொன்ன கதை மாறுகிறது. டிஸ்க்கே என்கிரிப்ட் ஆகியிருக்கிறது. எனவே வெளியிலிருந்து வரும் எந்தச் சிஸ்டத்துக்கும் அது குப்பைக் குவியல். குளோன் எடுக்கலாம், ஆனால் பூட்டோடு சேர்த்துத்தான் குளோன் ஆகும். வெற்றிடம் எது என்று தெரியாததால் முழு டிஸ்க்கையும் செக்டர் செக்டராக எடுக்க நேரிடும், நேரமும் பல மடங்கு. புது டிஸ்க்கில் எழும்பும்போது அந்த 48 இலக்கத்தைக் கேட்கலாம்.

முன்கூட்டியே பார்ப்பது சுலபம். 'திஸ் பிசி' திறந்து சி டிரைவின் மேல் பூட்டுப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். நான் ஒன்றும் போடவில்லையே என்பீர்கள். புதிய லப்டொப்களில் மைக்ரோசொப்ட் கணக்கால் உள்ளே போனதுமே அது தானாகப் போட்டுக்கொள்ளும். சாவியும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும், ஃபோனில் உள்ளே போய் எடுக்கலாம். கணக்கின் மின்னஞ்சலும் மறந்து, சாவியும் இல்லையென்றால் என்னால் மட்டுமல்ல, கொழும்பில் உள்ளவர்களாலும் முடியாது.

அண்ணா வெளிநாட்டில் இருந்து அனுப்பின லப்டொப். கம்பெனியின் பெயர் காட்டி லொக்கின் கேட்கிறது. டிஸ்க்கை மாற்றினால் போகுமா?

மாதம் ஒன்றாவது வரும். ஜெர்மன் கீபோர்ட், பின்பக்கம் ஏதோ நிறுவனத்தின் ஸ்டிக்கர், உள்ளே பூட்டு. இந்தப் பூட்டு டிஸ்க்கில் இல்லை. அந்த மெஷினின் வன்பொருள் அடையாளம் மைக்ரோசொப்டின் சேவரில் அந்த நிறுவனத்தின் பெயரில் பதியப்பட்டிருக்கிறது. டிஸ்க்கை மாற்றினாலும், விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும், இணையத்தோடு இணைந்து அமைப்பு வேலை தொடங்கும்போது மறுபடி அதே பெயரில் வந்து நிற்கும். அண்ணாவிடம் சொல்லி, பழைய வேலையிடத்தில் அதைப் பதிவிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். முறையாகக் கழித்து விட்ட மெஷின் என்றால் ஒரு மின்னஞ்சலில் முடியும் வேலை.

கழற்றி, டொக்கில் வைத்து ஒரு பட்டனை அழுத்திக் குளோன் எடுக்கலாம் என்கிறார்களே?

எடுக்கலாம். இரண்டு டிஸ்க் வைக்கும் டொக், கொம்பியூட்டரே தேவையில்லை. புது டிஸ்க் பழையதின் அளவு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், வெற்றிடத்தையும் சேர்த்தே எடுக்கும். எந்தத் துளை சோர்ஸ், எந்தத் துளை டார்கெட் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். சின்ன எழுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசியுங்கள். உத்தரவாதம் முடியாத மெஷினைத் திறக்க வேண்டாம்.

என்னிடம் 500 ஜிபி டிஸ்க். வாங்கியது 480 ஜிபி எஸ்எஸ்டி. பாவித்தது 90 ஜிபிதான். போகாதா?

நேரே போகாது. பாவித்த அளவை அல்ல, டிஸ்க்கின் முழு அளவைத்தான் குளோன்ஸில்லா பார்க்கும், புதியது சிறியது என்றால் நின்றுவிடும். முதலில் பழைய டிஸ்க்கின் சி பார்ட்டிஷனைச் சுருக்கி, அதற்குப் பின்னால் வேறு பார்ட்டிஷன் இருந்தால் முன்னுக்கு நகர்த்த வேண்டும், பிறகு குளோன்ஸில்லாவில் 'பிகினர்' அல்ல 'எக்ஸ்பேட்' வழியில் போய், அளவு பார்ப்பதைத் தவிர்க்கும் '-icds' தெரிவைப் போட வேண்டும். ஜிபார்ட்டெட் என்ற இலவச சிஸ்டத்தைப் பென்ட்ரைவில் எழுப்பினால் அதற்கும் விண்டோஸ் அட்மின் வேண்டாம். ஆனால் மூலத்தையே வெட்டித் தைக்கிற வேலை, முக்கியமானதை முதலில் வேறு இடத்தில் கொப்பி எடுத்துவிட்டுச் செய்யுங்கள். வாங்கும் முன்பே கேட்டிருந்தால் 500 ஜிபி எஸ்எஸ்டியாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருப்பேன்.

டிஸ்க் "டிக் டிக்" என்று சத்தம் போடுகிறது. குளோன் எடுத்துவிடலாமா?

உடனே நிறுத்துங்கள். இன்னும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம் என்ற ஆசைதான் அதைக் கொல்லும். சத்தம் இல்லாமல் வெறுமனே மெதுவாகி, இடையிடையே உறைந்து நின்றால் வாய்ப்பு இருக்கிறது. அதற்குக் குளோன்ஸில்லா அல்ல, டிடிரெஸ்கியூ. சிஸ்டம்ரெஸ்கியூ என்ற பென்ட்ரைவ் லினக்ஸில் இருக்கிறது. அது முதல் சுற்றில் நல்ல பகுதிகளை ஓடி ஓடிப் பொறுக்கும், பழுதான இடங்களைத் தாண்டிப் போகும். பிறகுதான் திரும்பி வந்து பழுதை நோண்டும். எதை எடுத்தேன், எதை விட்டேன் என்று ஒரு கணக்குக் கோப்பு எழுதும். அந்தக் கோப்பை மூன்றாவது ஒரு டிரைவில் வையுங்கள். நிறுத்தி, டிஸ்க்கை ஆறவிட்டு, மறுநாள் அதே இடத்தில் இருந்து தொடரலாம். மல்லாவிப் பக்கத்து ஆலை ஒன்றின் கணக்கு டிஸ்க்கை இப்படி மூன்று நாள், காலைக் குளிரில் மட்டும் ஓடவிட்டு எடுத்தேன். மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே எங்கள் வெயிலில் அது மூச்சு வாங்கியது.

நடுவில் கரண்ட் போனால்?

பழைய டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது, அதில் வாசிப்பு மட்டும்தான் நடக்கிறது. புதியதில் அரைகுறையாய்க் கிடக்கும், மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். லப்டொப்பில் நல்ல பட்டரி இருந்தால் கவலை இல்லை. டெஸ்க்டொப் என்றால், சின்ன யுபிஎஸ் தருவது சில நிமிடங்களை மட்டும். 2022-இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில் குளோன் வேலையை இரவு பதினொன்றுக்குத் தொடங்கினேன். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் இன்றைக்கும் தொடங்குவதில்லை.

குளோன் எடுத்தால் பழைய அட்மின் பாஸ்வேட் போய்விடும்தானே?

போகாது. அதுவும் சேர்ந்துதான் வரும். இதைக் கேட்டதும் பலரின் முகம் விழும். உங்கள் சொந்த மெஷினில் மைக்ரோசொப்ட் கணக்கென்றால் இணையத்தில் மாற்றுங்கள். உள்ளூர்க் கணக்கென்றால் அமைக்கும்போது கொடுத்த பாதுகாப்புக் கேள்விகள் உதவும். அதுவும் சரிவராவிட்டால், கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது குளோனை விடச் சுத்தமான வேலை.

விண்டோஸ் அக்டிவேஷன் போய்விடுமா?

அதே மெஷினில் டிஸ்க் மட்டும் மாறினால் போகாது.

குளோன் நன்றாய் முடிந்தது, ஆனால் எழும்பும்போது நீலத் திரை.

பழைய சாட்டா இணைப்பு டிஸ்க்கில் இருந்து, போர்டிலேயே நேரே செருகும் என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு மாறினீர்களா? பழைய விண்டோஸ் புது டிஸ்க்கை இயக்கும் சிறு மென்பொருளான டிரைவரைத் தொடக்கத்தில் தேடி எடுக்காமல் தடுமாறுகிறது. சேஃப் மோடில் (அடிப்படையானவை மட்டும் ஓடும் முறை) ஒருமுறை எழுப்பினால் பெரும்பாலும் தானே கண்டுபிடித்துவிடும், அடுத்த தடவை வழமைபோல் வரும். பயோஸில் சாட்டா முறையை யாராவது மாற்றி வைத்தார்களா என்றும் பாருங்கள்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு மெஷினைச் சரிசெய்து, பத்து மெஷினுக்கும் அதையே குளோன் அடிக்கலாமா?

அதிபரின் கடிதத்தோடு வந்தால் அடிக்கலாம். பத்துக்கும் ஒரே பெயர், ஒரே அடையாளம் வந்துவிடும், அதனால் குளோன் எடுக்க முன், அந்த அடையாளங்களைத் துடைக்கும் விண்டோஸின் சிஸ்பிரெப் என்ற கருவியை ஓட்ட வேண்டும். அதற்கு அட்மின் கட்டாயம். பத்து மெஷினும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் டிரைவர் தேடியே பாடவேளை முடிந்துவிடும்.

பழைய டிஸ்க்கை விற்கலாமா?

இரண்டு கிழமை பொறுங்கள். புதியதில் கணக்கு மென்பொருள், பிரிண்டர், பாமினிக் கடிதங்கள், பிள்ளையின் சூம் வகுப்பு எல்லாம் ஒரு சுற்று ஓடட்டும். விற்பதென்றால் வெறும் ஃபோமட் போதாது, முழுதும் பூச்சியம் எழுதி அழிக்க வேண்டும். நானாக இருந்தால் விற்க மாட்டேன். ஒரு பொலித்தீன் பையில் போட்டு, மேலே திகதியை எழுதி, அலுமாரியில் காணி உறுதிக்குப் பக்கத்தில் வைப்பேன்.